அளந்த பால்

மகள் லோகப்பிரியா ஓர் இடத்தில் உட்கார்ந்து வசந்தாமணி பார்த்ததில்லை. குழந்தைக்கு நான்கு வயது முடிந்திருந்தது. விழித்திருக்கும் நேரமெல்லாம் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். நடக்காதபோது சுவரோரம் நின்று முன்னும் பின்னும் ஆடுவாள். அதுவும் இல்லையென்றால் விரல்களைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அசைத்து அசைத்துப் பார்ப்பாள். பேச்சு வரவில்லை. மூக்கால் ஓர் ஓசை மட்டும் எழுப்புவாள். தூக்கம் இரண்டு மூன்று மணி நேரம்தான்.

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டிய சந்தில் ஆறு வீடுகள் கொண்ட லைன். அதில் கடைசி வீடு அவர்களுடையது. வசந்தாமணியின் கணவன் ரங்கராஜ் மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றில் பிட்டர். அவளுக்கு அவன் சொந்த அத்தை மகன். இருவருமே நல்ல கருப்பு. குழந்தையோ வெளுத்துப் போயிருந்தது. தலைமுடி மக்காச்சோளக் கதிரின் நுனியில் தொங்கும் நாரைப் போல ஒரு செம்பட்டை. கண்மணியும் தேன் நிறம். பிறந்தபோது அப்படி இல்லை. மாதம் ஏற ஏற நிறம் போனது.

இன்னொன்றும் இருந்தது. அதை வசந்தாமணி யாரிடமும் சொன்னதில்லை. குழந்தையிடம் ஒரு வாடை வந்தது. எலி குடியிருந்த பழைய சாக்கைப் பிரித்தால் வருமே, அந்த வாடை. தினமும் இரண்டு முறை குளிப்பாட்டினாள், துணிகளைக் கொதிநீரில் போட்டு அலசினாள். அடுத்த முறை சிறுநீர் கழித்ததும் அதே வாடை வீடு முழுக்க நிற்கும். விருந்தாளி யாராவது வந்தால் ஊதுபத்தி கொளுத்தி வைப்பாள்.

பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: புள்ளைக்குச் சத்துப் பத்தலை. எனவே சத்தாகப் பார்த்துக் கொடுத்தாள். காலையிலும் மாலையிலும் எருமைப்பால், தினம் இரண்டு முட்டை, கொள்ளு மசியல், பாசிப்பயறு, கடலை உருண்டை. குழந்தை ஓடும்போதே பின்னால் ஓடி வாயில் ஊட்டினாள். கொடுக்கக் கொடுக்க லோகு இன்னும் வேகமாகச் சுற்றினாள்.

தொண்ணூற்றைந்தாம் வருடம் ஆனி மாதம் ரங்கராஜின் அக்கா சாமியாத்தாள் வீட்டில் காதுகுத்து. அன்னூரில் மண்டபம் பிடித்திருந்தார்கள். லோகு பந்திக்கு நடுவே ஓடி ஒரு இலையை மிதித்தாள், பாத்திரம் கழுவும் இடத்தில் போய்த் தரையில் தலையை முட்டினாள். அவளைத் தூக்கிக்கொண்டு வசந்தாமணி பின்பக்கம் வந்தபோது, ஜன்னலுக்கு உள்ளே சாமியாத்தாள் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"எங்கப்பன் வழியிலயும் இந்த முடி இல்லீங்க, மாமன் வழியிலயும் இல்லீங்க. எங்கிருந்து வந்துதுன்னு பெத்தவளுக்குத்தான் தெரியும். என்ற தம்பி ஒரு வெள்ளந்தி."

வசந்தாமணி உள்ளே போய்க் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது இரண்டடி தள்ளி ரங்கராஜ் நின்றிருந்தான். அவனும் கேட்டிருக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது.

பஸ்ஸில் அவன் தனியாக முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியவன், அதை மறுபடி எடுத்து உதறி மாட்டினான். பிறகு வாசலைப் பார்த்தபடியே கேட்டான்.

"வசந்தா, ஒண்ணு கேக்கறேன். நெசத்தைச் சொல்லோணும். லோகு எம் புள்ளதானே?"

அவள் குழந்தையின் கொலுசைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இதை உங்க அக்கா கேக்கறாங்களா, நீங்க கேக்கறீங்களா?"

"ஆரு கேட்டா என்ன. பதில் ஒண்ணுதானே."

அவள் கழற்றிய கொலுசை டப்பாவில் போட்டு மூடினாள். அன்று அன்னூரிலிருந்து திரும்பியதும் அவனிடம் ஒரு செய்தி சொல்வதாக இருந்தாள். இரண்டு மாதமாக அவளுக்குத் தள்ளிப்போயிருந்தது. அதைச் சொல்லவில்லை. மறுநாள் காலை அவன் வேலைக்குப் போனதும் லோகுவைத் தூக்கிக்கொண்டு சத்தியமங்கலத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே அவள் அண்ணன் சுப்பண்ணன் பவானிக் கரையில் வாழை வைத்திருந்தார்.

அண்ணன் வீட்டில் ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஆறு பக்கத்தில் ஓடியது. லோகு எந்த நேரமும் ஆற்றை நோக்கியே ஓடினாள். வசந்தாமணி ஒரு வேட்டித் துணியால் குழந்தையின் இடுப்பையும் தன் இடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு திரிந்தாள். எட்டாம் நாள் குழந்தைக்கு வாந்தி தொடங்கியது. பத்தாம் நாள் காலையில் வாழைக்கு நடுவே விழுந்து கைகால் வெட்டி இழுத்தது. வாயில் நுரை தள்ளியது. உள்ளூர் டாக்டர் ஒரு ஊசி போட்டுவிட்டு, கோயமுத்தூருக்குக் கொண்டுபோங்கள் என்றார். சுப்பண்ணன் வாழைத்தார் ஏற்றும் வேனில் இருவரையும் ஏற்றிக்கொண்டு வந்து, மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்த ஒரு சிறிய குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

அங்கே டாக்டர் அரங்கசாமி முப்பது வருடமாகக் குழந்தைகளைப் பார்ப்பவர். வலிப்பை நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றினார். இரண்டு நாளாக வாந்தி என்பதால் சிறுநீரில் சர்க்கரையும் அசிட்டோனும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த லேபில் ரசாக் என்ற டெக்னீசியன் அந்தச் சோதனையைச் செய்தார். சிறுநீரில் பெரிக் குளோரைடு என்ற மருந்தைச் சில சொட்டு விட வேண்டும். அசிட்டோன் இருந்தால் செந்நிறம் வரும், இல்லையென்றால் ஒன்றும் வராது. தினமும் செய்கிற வேலை. சொட்டு விட்டதும் குழாயில் பச்சை ஏறியது. பாசி பிடித்த தொட்டித் தண்ணீரின் கரும்பச்சை. சில நிமிடங்களில் அதுவாகவே மங்கிப் போனது.

மருந்து கெட்டுவிட்டது என்று நினைத்து, தன் சிறுநீரையே பிடித்து வந்து சொட்டு விட்டுப் பார்த்தார். பச்சை வரவில்லை. குழந்தையினுடையதில் மறுபடி விட்டார். மறுபடி பச்சை. குழாயை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு மாடியேறி வார்டுக்குப் போய்க் கட்டிலில் கிடந்த குழந்தையின் முடியைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, பாப்பா ஒண்ணுக்குப் போனா எப்பவும் இந்த வாசம் வருமுங்களா?"

வசந்தாமணிக்கு முகம் சுண்டிவிட்டது. "தெனமும் ரெண்டு தடவை குளிக்க வெக்கறேனுங்க."

"அதுக்குக் கேக்கலைங்க. நீங்களும் பாப்பாவோட அப்பாவும் சொந்தமுங்களா?"

"அத்தை பையனுங்க."

ரசாக் தலையாட்டிவிட்டு நேராக டாக்டர் அறைக்குப் போனார். பதினைந்து வருடத்துக்கு முன்பு படித்தபோது வாத்தியார் ஒருவர், வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலும் பார்ப்பீர்கள் என்று சொன்ன பச்சை அது. டாக்டர் அரங்கசாமியும் அதைப் புத்தகத்தில் படித்ததோடு சரி. குழந்தையின் ரத்தத்தை எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பினார்.

முடிவு வர பதினோரு நாள் ஆனது. அப்பாவும் வர வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் சுப்பண்ணன் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ரங்கராஜ் வேலை உடுப்போடு, விரல் நகங்களில் கிரீஸ் கருப்போடு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. லோகு அறையின் நான்கு மூலைகளுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

"ஃபினைல்அலனின்னு ஒரு பொருள் இருக்குதுங்க. அமினோ அமிலத்துல ஒண்ணு. பால், பருப்பு, முட்டை, கறி, அரிசி எல்லாத்துலயும் இருக்குது. தாய்ப்பால்லயும் இருக்குது. அது இல்லாம ஆருக்கும் சதை வளராது. உடம்பு அதைத் தானாச் செஞ்சுக்காது, திங்கற சோத்துலதான் வரோணும். வளர்ச்சிக்கு எடுத்தது போக மிச்சத்தை ஈரல்ல இருக்கற ஒரு நொதி டைரோசின்னு வேற ஒரு அமிலமா மாத்திப்போடும். பாப்பாவுக்கு அந்த நொதி வேலை செய்யலை. மாறாத மிச்சமெல்லாம் ரத்தத்துல தேங்கிப்போச்சு. அதுதான் மூளையைக் கெடுக்குது. ஒரு இடத்துல நிக்காம ஓடறது, வலிப்பு, பேச்சு வராதது எல்லாம் அதனாலதான். அந்த வாசமும் அதோடதுதான்."

ரங்கராஜ் குனிந்தே இருந்தான்.

"அந்த டைரோசின்ல இருந்துதான் முடிக்குக் கருப்பு வருது, கண்ணுக்கு, தோலுக்கு எல்லாம். அது பத்தலீன்னா நிறம் ஏறாது. அப்பனும் ஆத்தாளும் எவ்வளவு கருப்பா இருந்தாலும் புள்ளை செம்பட்டையாத்தான் இருக்கும்."

ரங்கராஜ் தலையைத் தூக்கினான். "அந்தச் செம்பட்டை முடியும் இதனாலதானுங்களா?"

"அதுவும் இதனாலதானுங்க. இன்னொண்ணும் சொல்றேன். இது ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் வராது. ரெண்டு பேருகிட்டயும் ஆளுக்கொரு பங்கு மறைஞ்சு இருக்கோணும். உங்க ரெண்டு பேரையும் அது ஒண்ணும் பண்ணாது, ரெண்டும் சேர்ந்து புள்ளைக்குப் போனாத்தான் நோவு. நீங்க ஒரே குடும்பத்து ரத்தம், அதனால ரெண்டு பேருகிட்டயும் இருந்திருக்குது."

டாக்டருக்கு அந்த வீட்டில் நடந்தது எதுவும் தெரியாது. ரங்கராஜ் ஏன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான் என்று அவருக்குப் புரியவில்லை. வசந்தாமணி அவன் பக்கம் திரும்பவில்லை. அவள் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பால்ல இருக்குதுன்னு சொன்னீங்களே. முட்டையிலயுங்களா?"

"ஆமாங்க."

"கொள்ளுலயுங்களா?"

"அதுலயும் நெறையவே இருக்குது."

"தெனமும் ரெண்டு வேளை எருமைப்பால் குடுத்தேனுங்க. ரெண்டு முட்டை. அவ வேண்டாமுன்னு துப்புவா. நான் மூக்கைப் புடிச்சு ஊத்துவேனுங்க."

டாக்டர் மூலைக்கு மூலை நடக்கும் லோகுவைப் பார்த்தார். அந்த நேரத்தில் லோகுவின் காலடி மட்டும் கேட்டது. பிறகு, "தெரியாம நடந்தது அம்மணி. தெரிஞ்சவங்களே இல்லையே" என்றார்.

"அப்ப எல்லாத்தையும் நிறுத்திப்போடட்டுங்களா?"

"ஒரேயடியா நிறுத்தக் கூடாது. அது துளியும் இல்லாட்டி உடம்பு தன் சதையையே கரைச்சுத் திங்க ஆரம்பிச்சுரும். இருக்கவும் வேணும், மிஞ்சவும் கூடாது. அளந்து குடுக்கோணும். ஆனா ஒண்ணு, மூளைக்கு இதுவரைக்கும் ஆனது ஆனதுதான். அது திரும்பாது. இனிமே ஆகாமப் பாத்துக்கலாம்."

எழுந்திருக்கும் நேரத்தில் அவர் சேர்த்துச் சொன்னார். "அடுத்த குழந்தைக்கும் வர வாய்ப்பு இருக்குது. நாலுல ஒண்ணு. ரோசனை பண்ணிக்குங்க."

"எனக்கு மூணாம் மாசமுங்க" என்றாள் வசந்தாமணி.

ரங்கராஜுக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

அன்று அவள் துடியலூர் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அவன் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் கம்பெனியிலிருந்து வரும்போது அவன் ஒரு சின்னத் தராசு கொண்டுவந்தான். பித்தளைத் தகட்டில் தட்டு, இரும்புக் கம்பியில் கோல். ஐந்து கிராம், பத்து கிராம், இருபது கிராம் எடைக்கு லேத்தில் கடைந்த பித்தளைக் கட்டைகள். அதை மேடையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனான். அவள் மறுநாள் காலையிலிருந்து அதில் சோறு நிறுத்தாள்.

டாக்டர் கைப்பட ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தார். பருப்பு, பயறு, முட்டை, கறி, தயிர், கடலை எல்லாம் அடியோடு கூடாது. சோறும் பாலும் நிறுத்து அளந்துதான். வயிறு நிறைவதற்கு ஜவ்வரிசி, மரவள்ளிக் கிழங்கு, பூசணி, சுரைக்காய், நெய், சர்க்கரை. வசந்தாமணி ஜவ்வரிசியில் கஞ்சி வைத்தாள், உப்புமா கிண்டினாள், அடை தட்டினாள். லோகு கத்தினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை கையிலிருந்த முறுக்கைப் பிடுங்கித் தின்றாள். அன்றிலிருந்து லைன் வீட்டுக் குழந்தைகள் எல்லோரையும் உள்ளே போய்த் தின்றுவிட்டு வரும்படி வசந்தாமணி கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, துவைப்பதற்காகக் குழந்தையின் பாவாடையை எடுத்தவள் மோந்து பார்த்தாள். வாடை இல்லை. இன்னொன்றை எடுத்துப் பார்த்தாள். ரங்கராஜைக் கூப்பிட்டு அவன் மூக்கில் வைத்தாள். சத்தியமங்கலத்திலிருந்து வந்த பிறகு அவளாக அவனிடம் போனது அதுதான் முதல் தடவை.

ஐப்பசிக்குள் வலிப்பு நின்றது. லோகு இரவில் ஆறு மணி நேரம் தூங்கினாள். நடை குறையவில்லை, ஆனால் வேகம் குறைந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள். தலையில் வேர்ப்பக்கம் ஓர் அங்குலம் கருப்பாக முளைத்து, அதற்கு மேல் பழைய செம்பட்டை நின்றது. கார்த்திகைக்கு வந்த சாமியாத்தாள் அதைப் பார்த்தாள். குழந்தையின் தலையைத் தொட்டு வகிடு பிரித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனாள். முன்பு, வயிற்றில் இருப்பதைக் கலைத்துவிடச் சொல்லி ஆள் அனுப்பியவளும் அவள்தான். நாலில் மூன்று நன்றாக இருக்கும் என்றுதானே டாக்டர் சொன்னார் என்று வசந்தாமணி பதில் சொல்லி அனுப்பியிருந்தாள்.

சொல்லி அனுப்பினாளே தவிர, அந்த மாதங்களில் அவளால் எதிலும் நிலைக்க முடியவில்லை. அரிசி களையப் போய் அண்டாவைக் கழுவிவிட்டு வருவாள். வயிற்றில் அசைவு அதிகமாக இருந்தால் இதுவும் ஓடுகிறதோ என்று நினைப்பாள். அசையாவிட்டால் அதற்கும் பயம். கோவிலுக்குப் போனால் வேண்டிக்கொள்ளாமல் வந்துவிடுவாள். எதை வேண்டினாலும் அது லோகுவுக்கு எதிராக வேண்டியது போல இருந்தது.

மார்கழியில் டாக்டர் அறையில் அவள் நான்கு டின்களைப் பார்த்தாள். டாக்டருடன் படித்த ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். அவர் அனுப்பிய மாவு. மற்ற அமினோ அமிலங்கள் எல்லாம் சேர்த்து, அந்த ஒன்றை மட்டும் நீக்கிச் செய்தது. அதைக் குடித்தால் சதையும் வளரும், ரத்தத்திலும் தேங்காது. நம் நாட்டில் அது கிடைக்கவில்லை.

லோகு அப்போது மெலிந்து போயிருந்தாள். உதட்டோரம் புண், கையெலும்பு தெரிந்தது. பருப்பும் பாலும் இல்லாத உடம்பு.

"இதை லோகுக்குக் குடுக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இருக்கறதே நாலு டின்னு. பொறக்கப்போற குழந்தைக்கு அந்த நோவு இருந்தா மொத மாசத்துலயே இதை ஆரம்பிக்கோணும். ஆரம்பிச்சா அந்தக் குழந்தை மத்த குழந்தைக மாதிரியே வளரும். அதுக்காகத்தான் முன்னாடியே எழுதி வரவழைச்சேன். நோவு இல்லீன்னா அத்தனையும் லோகுக்கு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த இரண்டு வாக்கியங்களும் அவளுக்குள் மாறி மாறி ஓடின.

தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. அக்ஷயா என்று பெயர் வைத்தார்கள். தலை நிறையக் கருகருவென்று முடி. லோகுவுக்கும் பிறக்கும்போது அப்படித்தான் இருந்தது என்பதால் வசந்தாமணி அதைப் பார்த்து நம்பிவிடவில்லை. ஐந்தாம் நாள் குதிகாலில் குத்தி, உறிஞ்சும் தாளில் ரத்தம் எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். முடிவுக்குக் காத்திருந்த ஒன்பது நாளும் அவள் ஒவ்வொரு துணியையும் மோந்து பார்த்தாள். இப்போதே வாடை தெரியாது என்று ரசாக் சொல்லியிருந்தும் பார்த்தாள். ரங்கராஜ் கம்பெனியிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று வந்து, சாப்பிடாமல் ஒரு நடை பார்த்துவிட்டுப் போவான்.

பத்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு ரசாக் தன் டிவிஎஸ் வண்டியில் வந்தார். வண்டியை நிறுத்தியவர் உடனே உள்ளே வரவில்லை. வசந்தாமணி குழந்தையோடு வாசலுக்கு வந்தாள்.

"இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க அம்மணி."

அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். ரசாக் தலை குனிந்துகொண்டார்.

"அப்ப இன்னைக்கே ஆரம்பிச்சரலாமுங்களா?" என்றாள்.

அன்று மாலையே முதல் டின்னைத் திறந்தார்கள். மாவு கரைத்த பால் முதலில், அளவோடு. மீதிப் பசிக்குத் தாய்ப்பால். அந்தக் கொஞ்சத் தாய்ப்பாலில் இருக்கும் ஃபினைல்அலனினே குழந்தையின் வளர்ச்சிக்குப் போதுமானது என்று டாக்டர் கணக்குப் போட்டிருந்தார். மார் கட்டி வலித்தபோது வசந்தாமணி பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டாள். மாதம் ஒருமுறை குதிகால் ரத்தம் போனது. அளவு சரியாக இருக்கிறது என்று சீட்டு வந்தது. மூன்றாம் மாதம் அக்ஷயா முகம் பார்த்துச் சிரித்தாள். ஆறாம் மாதம் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்து கிலுகிலுப்பையை ஆட்டினாள். அதைப் பார்க்க வசந்தாமணிக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. குழந்தை அசையாமல் உட்காரும் என்பதே அவளுக்குப் பழக்கமில்லாதது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டின்கள் வந்தன. புரட்டாசியில் வர வேண்டிய பெட்டி வரவில்லை. சென்னைத் துறைமுகத்தில் ஏதோ தாளுக்காக நிற்கிறது என்றார்கள். வீட்டில் இரண்டு டின் மிச்சம். அதே சமயம் லோகுவின் உதட்டுப்புண் பெரிதாகி, கால் வீங்கியிருந்தது. பால் அளவைக் கொஞ்சம் கூட்டினார்கள். ஒரு வாரத்தில் பழைய ஆட்டம் வந்துவிட்டது. சுவரோரம் போய் முன்னும் பின்னும் ஆடினாள். திரும்ப அளவைக் குறைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ரங்கராஜ் அலமாரியில் இருந்த இரண்டு டின்களையும் எடுத்துத் தரையில் வைத்தான்.

"ஒண்ணு சின்னவளுக்கு, ஒண்ணு பெரியவளுக்கு. பெட்டி எப்பிடியும் வந்துரும்."

"வராட்டி?"

"வரும் வசந்தா. அந்தக் கால் வீக்கத்தைப் பாரு. ஒரு வாரம் இதைக் குடுத்தா வடிஞ்சுரும்."

"வேண்டாமுங்க மாமா."

"ஏன்?"

"லோகுக்குப் போனது போயிருச்சுங்க. இவளுக்கு இன்னும் போகலை. ஒரு மாசம் தப்பினாலும் இவளுக்குப் போயிரும்."

சொல்லி முடித்ததும் தன் வாயிலிருந்துதான் இது வந்ததா என்று அவளுக்கே இருந்தது. லோகு பக்கத்தில்தான் நின்றிருந்தாள். டின்னின் மூடியைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரங்கராஜ் லோகுவைப் பார்த்தான். "அப்பிடிக் கை கழுவ முடியாது வசந்தா. அவ எம் புள்ள."

"அது இப்பத்தான் தெரிஞ்சுதுங்களா?"

ஒன்றேகால் வருடமாக அவளுக்குள் கிடந்த சொல் அது. அவன் எழுந்து வெளியே போனான். சந்தின் கோடி வரை போய், அங்கே பைப்படியில் சும்மா நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு நான் கேட்டது தப்பு. அதைக் கேக்கறதுக்குப் பஸ்ஸுல இருந்தே குதிச்சிருக்கலாமுன்னு எத்தனையோ நாள் நெனச்சிருக்கேன். உங்கிட்டச் சொல்ல வாய் வரலை."

வசந்தாமணி அழுதாள். டாக்டர் அறையில் அழாதது, ரசாக் வந்த அன்று அழாதது எல்லாம் சேர்த்து அழுதாள். லோகு தட்டுவதை நிறுத்திவிட்டு அவள் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலை நாக்கில் வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ரங்கராஜ் இரண்டு டின்களையும் எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தான். "சின்னவளுக்கே இருக்கட்டும்" என்றான். மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறினான். துறைமுக ஆபீசில் ஒவ்வொரு மேஜையாக, டாக்டர் கொடுத்த கடிதத்தையும் லோகுவின் போட்டோவையும் காட்டிக்கொண்டு ஆறு நாள் நின்றான். ஏழாம் நாள் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினான். வீட்டில் கடைசி டின்னின் அடி தெரிந்துகொண்டிருந்தது.

அடுத்த வருடத்திலிருந்து அந்த இங்கிலாந்து டாக்டர் கூடுதலாக அனுப்பினார். லோகுவுக்கும் ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் கிடைத்தது. அழுகல் முட்டைக்கோசு போல நாறும் அதை அவள் மூச்சுவிடாமல் குடித்துவிட்டு டம்ளரை நீட்டுவாள். வீக்கம் வடிந்தது, புண் ஆறியது. ஆறு வயதில் "ம்மா" என்றாள். எட்டு வயதில் அவளிடம் இருபது சொற்கள் இருந்தன. அதற்கு மேல் வரவில்லை.

தொண்ணூற்றொன்பது ஜூனில் அக்ஷயாவைப் பக்கத்துப் பள்ளியில் எல்கேஜியில் சேர்த்தார்கள். டீச்சரிடம் வசந்தாமணி இரண்டு முறை சொன்னாள்: இவளுக்கு ஆரும் எதுவும் திங்கக் குடுக்கக் கூடாதுங்க. டீச்சர் தலையாட்டுவதற்குள், "நானே சொல்லிருவேனுங்க டீச்சர்" என்று அக்ஷயா சொன்னாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

லோகு பள்ளிக் கேட்டைவிட்டு நகரவில்லை. வசந்தாமணி கையைப் பிடித்து இழுத்தாள். லோகு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்."

"அச்சு" என்றாள் லோகு. தங்கையை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"அச்சு பன்னெண்டு மணிக்கு வரும். நாம போயிட்டு வரலாம்."

லோகு கம்பியை விட்டுவிட்டு, கேட்டுக்கு எதிரே நின்ற வேப்பமரத்தடிக்குப் போய் அதைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். உள்ளே டீச்சர் ஏதோ சொல்லிக்கொடுப்பதைக் குழந்தைகள் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். அதில் அக்ஷயாவின் குரல் எது என்று வசந்தாமணி மரத்தின் வேர்மேல் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தாள், பிரித்தறிய முடியவில்லை. ஊற வைத்த ஜவ்வரிசி வீட்டில் கிடந்தது. துணி துவைக்கவில்லை. லோகுவைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று ஒருமுறை எழுந்தாள். எட்டு வயதுப் பெண்ணைத் தூக்க முடியாது. மறுபடி வேரின்மேல் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மணி அடிக்கக் காத்திருந்தாள். லோகு சுற்றிக்கொண்டே இருந்தாள்.